அம்பாசிடரின் முன்பக்கத்தை அறுப்பதற்கு முன்: சப்ஃபிரேம் கட்டுபவர்களுக்கும் கட்டச் சொல்பவர்களுக்கும்

மறுபடியும் ஓர் அம்பாசிடர் வந்து லிஃப்டில் நிற்கிறது. புதுப் பெயின்ட், மின்னும் குரோம், உள்ளே புது சீட் கவர். மேலிருந்து பார்த்தால் அப்படியே கண்காட்சிக்கு அனுப்பலாம். அடியில் போய்ப் பார்த்தால், பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு முன்சக்கர இழுவைக் காரின் சப்ஃபிரேம் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்). அதைப் பிடித்துக்கொள்ள 6 மி.மீ. தகட்டில் நான்கு காதுகள். அந்தக் காதுகள் ஒட்டியிருப்பதோ, துருவைச் சுரண்டிவிட்டு மிச்சமிருந்த மெல்லிய பாடித் தகட்டில். இடதுபக்கக் காதில், வெல்டிங் தையலை ஒட்டினாற்போல், ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு. புதுப் பெயின்ட்டுக்குள்ளிருந்து துரு கசிகிறது என்றால் அங்கே விரிசல் விழுந்து, தண்ணீர் போய்வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டி கொண்டுவந்தவர் சொன்ன குறை: "லேசா இடது பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் மட்டும் பார்த்துக் குடுங்க."

அலைன்மென்ட் மிஷினில் சரிசெய்கிற கோளாறு இது இல்லை. இப்படி வந்த வண்டிகள் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த மோனோகாக் பாடி, அதாவது பாடியேதான் சட்டமும். 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரை இந்த அடிப்படை மாறவில்லை. முன் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் தண்டு. லோயர் ஆர்மிலிருந்து (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) நீளவாக்கில் பின்னோக்கி ஓடி, வண்டித் தரைக்கடியில் இருக்கும் கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டம்) போய் முடிகிறது. சக்கரத்தில் விழும் எடையின் முறுக்கம் முழுவதையும் அந்த நடுப்பகுதிதான் வாங்குகிறது. முன் ஃபெண்டரின் உள்தகடு பெரிதாக எடை எதையும் தாங்குவதற்காகச் செய்ததில்லை.

இப்போது அந்த டார்ஷன் பார் அமைப்பை அறுத்துவிட்டு, எஸ்டீம் அல்லது ஆக்சென்ட் மாதிரியான வண்டியின் மேக்பெர்சன் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றான தூண்) கொண்டுவந்து வைக்கிறீர்கள். ஸ்ட்ரட்டின் தலை எங்கே உட்காரும்? அந்த உள்தகட்டில்தான். பாகம் எடுத்த டோனர் வண்டியில் அந்த இடத்தில் பல அடுக்குத் தகடு மடித்துச் செய்த டவர் இருந்தது. உங்களிடம் இருப்பது ஓர் ஒற்றைத் தகடு. முதல் பெரிய பள்ளத்தில் தகடு மேலே உப்பும். அடுத்து பானட் இடைவெளி மாறும். அதற்கப்புறம் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) எந்த அளவிலும் நிற்காது.

காயில் ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிய ஸ்பிரிங்) போட்டு விஷ்போன் (கவை வடிவ ஆர்ம்) கட்டினாலும் கணக்கு போடாமல் தப்ப முடியாது. வண்டியின் எடை ஏறக்குறைய 1,100 கிலோ. அதில் முன்சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 300 கிலோ என்று வையுங்கள். லோயர் ஆர்ம் 350 மி.மீ. நீளம், ஸ்பிரிங் உட்காரும் இடம் பிவட்டிலிருந்து (ஆர்ம் சுழலும் அச்சு) 210 மி.மீ. என்றால், ஸ்பிரிங்கின் மேல் பிராக்கெட்டுக்கு வரும் எடை 300 அல்ல, 500. வண்டி சும்மா நிற்கும்போதே இவ்வளவு. பள்ளத்தில் விழும்போது மூன்று மடங்கு என்று வைத்துத்தான் டிசைன் செய்ய வேண்டும். ஆக ஒரு பிராக்கெட்டில் ஒன்றரை டன். எங்கே வெல்டு வைக்கிறோம் என்பதை இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இந்த ஒரு வசனத்தைக் கேட்டால்தான்: "கனமான தகடு போட்டிருக்கோம் சார், ஒண்ணும் ஆகாது." கனம் வேறு, விறைப்பு வேறு. ஓர் உதாரணத்தைப் போட்டே பார்ப்போம். 50×50 மி.மீ. பெட்டிக் குழாய், 6 மி.மீ. கனம்: மீட்டருக்கு 8.3 கிலோ. 80×40 மி.மீ. குழாய், 3.2 மி.மீ. கனம்: மீட்டருக்கு 5.7 கிலோ. இரண்டாவதை 80 மி.மீ. உயரமாக நிமிர்த்தி வைத்தால், முதலாவதைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு விறைப்பு. எடை குறைவு, விறைப்பு அதிகம். காரணம், வளைவை எதிர்ப்பதில் உயரம் தன் மும்மடியில் (உயரம் × உயரம் × உயரம்) வேலை செய்கிறது, தகட்டின் கனம் அப்படிச் செய்வதில்லை. ஓட்டு வீட்டில் உத்தரத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பதும் இதனால்தான். 50 மி.மீ. அகல, 10 மி.மீ. பட்டையைப் படுக்கவைத்து கிராஸ் மெம்பர் என்று சொல்கிற வண்டியும் உண்டு. அந்தப் பட்டையின் விறைப்பு மேலே சொன்ன 80×40 குழாயில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

அதைவிட மோசம், கனமான துண்டை மெல்லிய தகட்டில் நேராக வெல்டு செய்வது. கனத் துண்டு வளையாது, பக்கத்துத் தகடு வளையும். வளைவெல்லாம் வெல்டிங் ஓரத்தின் ஒரே கோட்டில் வந்து குவியும். அங்கேதான் அந்தப் பழுப்புக் கோடு. "இன்னும் கனமாப் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டே போனால் விரிசல் இன்னும் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது பாரத்தைப் பரப்புவது. பாடி ரெயிலின் மேல் முதலில் 3 மி.மீ. தகடு, மூலைகளை வட்டமாக்கி, ரெயிலின் இரண்டு முகங்களையாவது பிடிக்கும்படி மடித்து. அதன் முனைகள் ரெயிலுக்குக் குறுக்கே நேர்கோடாக முடியக்கூடாது. மீன்வால் போலவோ சாய்வாகவோ வெட்டுங்கள். போல்ட் போகும் இடத்தில் ரெயிலுக்குள் கிரஷ் டியூப் வைத்து இரண்டு பக்கமும் வெல்டு செய்யுங்கள். டியூப் இல்லாமல் எம்12 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் ரெயில் நசுங்கும். நசுங்கியது கொஞ்ச நாளில் தளரும். போல்ட் 8.8 கிரேடுக்குக் குறையக்கூடாது. தலையில் எண் இல்லாத போல்ட் சஸ்பென்ஷன் பக்கமே வரக்கூடாது.

இரும்பு வாங்கும்போது ஐ.எஸ். 4923 பெட்டிக் குழாய், தகட்டுக்கு ஐ.எஸ். 2062 என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் செய்த கிராஸ் மெம்பரைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகப் பூச்சு வெல்டுக்குள் ஓட்டை ஓட்டையாகக் காற்றை விடும், புகை வெல்டரின் உடம்பைக் கெடுக்கும். தயவுசெய்து வேண்டாம்.

அறுப்பதற்கு முன்னால் செய்யும் வேலைதான் பாதி வேலை. எந்த டயர் என்று முடிவு செய்து, டயரைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி ஓடும்போது எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்கும் என்பதைத் தீர்மானியுங்கள். பாடியை அதே நிலையில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜிக்கை (பாகங்களை அளவாகப் பிடிக்கும் சட்டகம்) மட்டத்தில் வைத்து காஸ்டரை (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) 4 டிகிரிக்குக் கட்டிவிட்டு, வண்டி மூக்கு ஒரு டிகிரி தாழ்ந்து நின்றால், கையில் இருப்பது 3 டிகிரிதான். தூக்குக்குண்டு விட்டு, பின் ஸ்பிரிங் போல்ட்களையும் முன் ரெயில் துளைகளையும் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டு குறுக்களவுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் பாடியை நிமிர்த்துங்கள். ஐம்பது வருட வண்டி ஒரு விபத்தாவது பார்த்திருக்கும். வீல்பேஸ் 2,464 மி.மீ. இரண்டு பக்கமும் வருகிறதா என்று பாருங்கள். கதவுகளைச் சாத்தி, இடைவெளியைக் குறித்துக்கொண்டு, கதவு வாயிலுக்கும் ரெயில்களுக்கும் இடையே தற்காலிகக் குழாய் வைத்து டாக் (சிறு புள்ளி வெல்டு) அடித்தபிறகே கட்டிங் வீலைத் தொடுங்கள்.

ஸ்டீயரிங் ராக்கை (ஸ்டீயரிங் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கும் பற்சட்டம்) "இடம் இருக்கும் இடத்தில்" வைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. டபுள் விஷ்போனில், ராக்கின் உள் பால் ஜாயின்ட், அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் இரண்டின் உள் பிவட்டுகளையும் சேர்க்கும் கோட்டில் விழ வேண்டும். டை ராடும் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) அந்த ஆர்ம்கள் நோக்கும் அதே புள்ளியை நோக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) எத்தனை முறை சரிசெய்தாலும் அது நிற்கும்போது மட்டும் சரி. சோதிப்பது சுலபம்: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை நிற்கும் நிலையிலிருந்து மேலே 50, கீழே 50 மி.மீ. வரை 10 மி.மீ. படிகளாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் டோவை அளந்து எழுதுங்கள். 25 மி.மீ. நகர்வுக்கு அரை மி.மீ.க்கு மேல் மாறினால் ராக்கை நகர்த்துங்கள். இதை டாக் வெல்டு நிலையிலேயே செய்ய வேண்டும், பெயின்ட் அடித்தபிறகு அல்ல.

ஆக்ஸிலுக்குப் பின்னால் ராக் இருந்த நக்கிளை (ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகம்) இடம் வலம் மாற்றி, ராக்கை முன்னால் கொண்டுவருபவர்களும் உண்டு. ஆக்கர்மன் (வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்பும் அமைப்பு) தலைகீழாகும், வளைவில் டயர் தேய்ந்து கதறும். ஸ்டீயரிங் ஆர்மைச் சூடுபண்ணி வளைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். அது ஃபோர்ஜிங். சூட்டில் அதன் ஹீட் ட்ரீட்மென்ட் போய்விடும்.

முன்சக்கர இழுவை வண்டியின் நக்கிளை எடுத்தால் பலர் மறப்பது ஒன்று: அதன் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே டிரைவ் ஷாஃப்ட் நட்தான். "ஷாஃப்ட் நமக்குத் தேவையில்லை" என்று கழற்றி எறிந்தால் பேரிங் தளர்ந்து, ஒருநாள் சக்கரம் ஹப்போடு வெளியே வரும். வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்டின் தண்டையாவது வைத்து, நட்டை அந்த வண்டிக்கான டார்க்கில் இறுக்குங்கள்.

வெல்டிங்கைப் பற்றிச் சுருக்கமாக. சி.ஓ.2 வெல்டிங், 70 எஸ்-6 வயர். ஆர்க் என்றால் காயவைத்த 7018 ராடு. 6013 ராடில் வீட்டு கேட் செய்யுங்கள், சப்ஃபிரேம் செய்யாதீர்கள். ஆர்ம் பிராக்கெட் இரண்டுக்கும் ஒரே நேரான கம்பியை ஊடே விட்டு டாக் அடியுங்கள். கம்பி கையால் சுழலவில்லை என்றால் புஷ் இரண்டே மாதத்தில் கிழியும். பிராக்கெட் எப்போதும் இரண்டு காதோடு இருக்கட்டும், ஒற்றைக் காதில் போல்ட் தொங்கக்கூடாது. வெல்டை 30 மி.மீ. இழுத்து, எதிர்முனைக்குப் போங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வில்லாக வளையும். ஆறும் வரை ஜிக்கிலிருந்து எடுக்காதீர்கள். பாரம் தாங்கும் வெல்டை கிரைண்டர் போட்டு வழவழப்பாக்குவது அழகு இல்லை, ஆபத்து.

ஸ்டீயரிங் ஷாஃப்டில் யூ.ஜே. (யூனிவர்சல் ஜாயின்ட்) மூன்று வந்தால் நடுவில் ஒரு சப்போர்ட் பேரிங் கட்டாயம். பிரேக் ஹோஸை, சக்கரம் முழுக்கத் தொங்கி, ஸ்டீயரிங் முழுக்க ஒடித்த நிலையில் அளந்து வாங்குங்கள். எஞ்சின் சம்ப்புக்கும் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) கிராஸ் மெம்பருக்கும் 25 மி.மீ. விடுங்கள், மவுன்ட் ரப்பரில் எஞ்சின் அசையும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் படமெடுப்பது உங்கள் முன்பக்கத்தைத்தான். 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதிகளில், 50 வயது கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது கிடைக்காது. நல்ல நிலையில் இருக்கும் 1960-களின் அம்பாசிடரை அறுக்கக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன். டார்ஷன் பார், புஷ், பால் ஜாயின்ட், டாம்பர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் புதுப்பித்தாலே நீங்கள் தேடும் ஓட்டத்தில் முக்கால்வாசி கிடைத்துவிடும். செலவும் பாதிதான்.

ஏற்கெனவே கட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். பிராக்கெட் ஓரங்களில் பெயின்ட்டை எடுத்துவிட்டு, டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, கிளீனர் என்று மூன்று ஸ்பிரே கேன், அரை மணி நேர வேலை. சிவப்புக் கோடு தெரிந்தால் அதன் மேலேயே இன்னொரு வெல்டு வைக்காதீர்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகாதீர்கள், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். கோடு இல்லையென்றால் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, பெயின்ட் பேனாவால் குறி வையுங்கள். 100 கி.மீ., பிறகு 500 கி.மீ. ஓடியதும் அந்தக் குறியையும், தரையில் எடுத்த குறுக்களவையும் மறுபடி பாருங்கள்.