லைக்கன்: தமிழில் மரப்பாசி, கற்பாசி

நீலகிரியில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, தேயிலைச் செடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலை போன கிளைகளில் இரண்டு வகைப் படிவு தெரியும். ஒன்று ஈரமான பச்சை மெத்தை. இன்னொன்று சாம்பல் கலந்த பச்சையில் வட்ட வட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். பேச்சுவழக்கில் இரண்டுமே 'பாசி'தான். முதலாவது மாஸ், வேரில்லாத சிறு தாவரம். இரண்டாவது லைக்கன், அது தாவரமே இல்லை.

பாசி என்பது நிறத்தால் வந்த பெயர். பசுமை என்ற அடியிலிருந்து பாசிலை, பாசடை எல்லாம் வருகின்றன. பாசிப்பயறும் அந்த வழிதான். குறுந்தொகை 399ஆம் பாட்டில், ஊரார் நீருண்ணும் கேணியின் பாசி தொடத் தொட விலகி, விட்டால் திரும்பப் பரவுகிறது. பிரிவால் தலைவியின் மேனியில் படரும் பசலை நிறமும், காதலன் தொட்டால் விலகி விட்டால் பரவுவதால், அப்படியே என்கிறார் பரணர். அது நீர்ப்பாசி. சுவரில் படர்வதும் மரத்தில் ஒட்டுவதும் அதே பெயரைப் பெற்றதால் மூன்றும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

லைக்கன் கிரேக்கச் சொல். 'நக்குதல்' என்ற வினையோடு தொடர்புடையது என்பார்கள்; மேற்பரப்பை நக்கியபடி பரவுவது என்ற எண்ணம். கிரேக்கர்கள் தோலில் படரும் தடிப்பையும் இதே சொல்லால் குறித்தார்கள். மருத்துவர்கள் இன்றும் 'லைக்கன் பிளேனஸ்' என்று ஒரு தோல் நோயைச் சொல்வது அதன் மிச்சம்.

இது ஒரு கூட்டு உயிர். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, உள்ளே குடியிருக்கும் ஆல்கா என்ற நுண்பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. காய்ந்த லைக்கன் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: மேல்தோல் தெளிவாகி, உள்ளே இருக்கும் பச்சை எட்டிப் பார்க்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பாடநூல்கள் லைக்கன் என்றே எழுதுகின்றன. ஆனால் செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான்: மேலே சாம்பல், அடியில் கறுப்பு, சூடான எண்ணெயில் விழுந்ததும் எழும் மணம். சமையலறையில் புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்? பாறையில் வளர்வதைக் கற்பாசி என்றும், கிளையில் வளர்வதை மரப்பாசி என்றும் எழுதலாம். மாஸைத் தனியே 'பச்சைப்பாசி' என்றால் குழப்பம் தீரும்.

மரப்பாசி செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பட்டைமேல் ஒட்டிக்கொண்டிருப்பதோடு சரி. வயதான, தளர்ந்த, இலை அடர்த்தி குறைந்த புதர்களில் அதிகம் தெரியும். கிளைவரை வெளிச்சம் இறங்குவதும், பட்டை மெதுவாக வளர்வதும் அதற்குத் தோது. ஆகவே செடி வாடினால் முதலில் வேரையும் மண்ணையும் பாருங்கள். கவாத்துக்குப் பின் தேயிலைத் தண்டில் பாசியைச் சுரண்டுவது வேறு காரணத்துக்கு: தடித்த படிவு, பட்டையிலிருந்து புதுத் துளிர் கிளம்புவதைத் தடுக்கலாம்.