அடோலசென்ஸ்: வளரிளம் பருவம்

பொதுச் சுகாதார ஆய்வில் ‘அடோலசென்ஸ்’ என்ற சொல்லுக்குத் தெளிவான எல்லை உண்டு. 10 வயது நிறைவடைந்த நாளில் அது தொடங்குகிறது. 20-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளோடு முடிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 10–19 என்று எழுதுவதன் பொருள் இதுவே. இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் ‘வளரிளம் பருவம்’.

பேச்சில் இதற்கு ஈடாகப் புழங்கும் ‘டீன்ஏஜ்’ ஈடாகாது. ஆங்கில எண்களில் ‘டீன்’ என்று முடிபவை 13 முதல் 19 வரைதான். 10, 11, 12 வயதினர் அதில் அடங்குவதில்லை. உடல் மாற்றங்கள் பலருக்குத் தொடங்குவதும், தன் உடலைப் பற்றிய முதல் கேள்விகள் எழுவதும் அந்த மூன்று ஆண்டுகளில்தான். ‘இளைஞர்’ என்பதும் வேறு கணக்கு. ஐ.நா. புள்ளிவிவரங்களில் இளைஞர் என்றால் 15–24. 1989-இல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோ பொதுவாக 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தை என்கிறது. ஆக, 17 வயதுள்ள ஒருவர் குழந்தை, வளரிளம் பருவத்தினர், இளைஞர் ஆகிய மூன்று பட்டியல்களிலும் இருப்பார். இரண்டு அறிக்கைகளின் விழுக்காடுகளை ஒப்பிடும் முன், அவை யாரை எண்ணின என்று பார்த்தாக வேண்டும். படிப்பும் திருமணமும் தள்ளிப்போகும் இக்காலத்துக்கு 10–24 என்ற வரையறையே பொருந்தும் என்று 2018-இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழ் ஒன்றில் சில ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். ஆனால் புழக்கத்தில் 10–19தான் நிலைத்திருக்கிறது.

ஆய்வுக்கு ஆட்களைத் தேரும்போது தமிழில் வயது கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. “என்ன வயசு?” என்றால் சிலர் நிறைவடைந்த வயதைச் சொல்வார்கள், சிலர் நடக்கும் வயதைச் சொல்வார்கள். “பத்து நடக்குது” என்ற குழந்தைக்கு 9தான் நிறைவடைந்திருக்கும், அதைச் சேர்த்துவிடுவோம். “இருபது நடக்குது” என்பவர் 19 வயதினர், அவரை விட்டுவிடுவோம். எல்லை வயதுகளில்தான் இந்தப் பிழை குவியும். எனவே பிறந்த தேதியைக் கேட்டு வயதைக் கணக்கிடுவதே சரி. தேதி தெரியாதபோது “எத்தனை வயது முடிந்திருக்கிறது?” என்று கேட்க வேண்டும்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘அலெரே’ என்றால் ஊட்டு, பேணு. அதிலிருந்து பிறந்த ‘அடோலெஸ்கெரே’ என்ற வினைக்கு வளர்ந்துவருதல் என்று பொருள். நடுவில் வரும் ‘ஸ்க்’ ஒரு செயல் தொடங்கி நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் இடைநிலை. அதே வினையின் இறந்தகால எச்சம் ‘அடுல்டுஸ்’, அதாவது வளர்ந்து முடிந்தவர். ஆங்கிலத்தின் ‘அடல்ட்’ இதிலிருந்து வந்தது. பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்ட ‘அடோலசென்ஸ்’, தனி ஆய்வுத் துறையின் பெயராக வேரூன்றியது அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904-இல் இதே தலைப்பில் இரண்டு தொகுதிகளை வெளியிட்ட பிறகு. இப்பருவத்தைப் ‘புயலும் கொந்தளிப்பும்’ என்று அவர் வருணித்தது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெடுதலான ஒட்டல்தான்: எல்லாவற்றையும் “இந்த வயசுல இப்படித்தான்” என்று தள்ளிவிடுவதற்கு அது வழிசெய்கிறது.

‘வளரிளம்’ என்பதில் ‘வளர்’ வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று முக்காலத்துக்கும் விரியும். இலத்தீன் வினை ஓர் இடைநிலையால் காட்டும் தொடர்ச்சியைத் தமிழ் காலம் காட்டாமலே காட்டிவிடுகிறது. எழுதும்போது ‘வளர் இளம்’ என்று பிரித்தால் ‘வளர்’ ஏவல்போல ஒலிக்கும், சேர்த்தே எழுதலாம். ஆட்களைக் குறிக்க ‘வளரிளம் பருவத்தினர்’ என்பது பொருந்தும். நீளம்தான், ஆனால் இருபாலருக்கும் பொதுவானது. இலங்கைப் பாடநூல்களில் இதே பொருளுக்குக் ‘கட்டிளமைப் பருவம்’ என்பது நிலைபெற்றிருக்கிறது. அதுவும் நல்ல சொல்லே. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

பழஞ்சொற்கள் ஏன் உதவவில்லை என்ற கேள்வி வரும். செய்யுள் வகைகளின் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று பருவம் வகுத்தன. பரவலான கணக்கில் பெதும்பை 8–11, மங்கை 12–13, மடந்தை 14–19. ஆணுக்கு மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று வேறு வரிசை. நூலுக்கு நூல் வயது மாறும்; ஆண் வரிசையும் பெண் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்துவதுமில்லை. ‘விடலைப் பருவம்’ இதழ்களில் இன்றும் வருகிறது. பழம் பாடல்களில் வீரமுள்ள இளைஞனைக் குறித்த சொல் அது. இன்று “விடலைப் பசங்க” என்றால் காதில் விழுவது ஏச்சு. ஆய்வு வினாத்தாளின் தலைப்பில் அதைப் போட்டால், பதில் சொல்லப்போகிறவரை முதல் வரியிலேயே குறை சொன்னதாகிவிடும்.

‘பூப்பு’, ‘பருவமடைதல்’ ஆகியவை ‘பியூபர்ட்டி’க்கு உரியவை. அது உடலின் மாற்றம். வளரிளம் பருவம் உடல், மனம், சமூக நிலை மூன்றையும் உள்ளடக்கியது. பூப்பு பெண்ணுக்கு மட்டுமே வழங்கும் சொல், அதுவும் இன்றைய வழக்கில் பெரும்பாலும் முதல் மாதவிடாயையே குறிப்பது. மருத்துவக் கணக்கில் முதல் மாதவிடாய் தொடக்கமே அல்ல. பெண்ணுக்கு மார்பு மொட்டு அரும்புவது முதல் அறிகுறி, பொதுவாக 8–13 வயதுக்குள். மாதவிடாய் அதன்பின் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்தே வரும். ஆணுக்கு 9–14 வயதுக்குள் விரை 4 மில்லிலிட்டர் அளவை எட்டுவது தொடக்கம். மீசையும் குரல் உடைவும் பிந்தியவை. பிரித்தானிய மருத்துவர் ஜேம்ஸ் டேனர் வகுத்த ஐந்து நிலைகளால் இவற்றை அளக்கிறார்கள். ஆகவே ‘பூப்பெய்திய பெண்கள்’ என்று ஆட்களைத் தேர்ந்தால், மாற்றத்தின் முதல் பாதி ஆய்வுக்கு வெளியே போய்விடும்.

இத்துறையோடு ஒட்டிவரும் ‘பாலியல்’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். ‘பால்’ என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால், இலக்கணத்தின் ஐம்பால் எல்லாம் அந்தப் பொருளில்தான். உடற்கூறு சார்ந்தது பால், சமூகம் வகுத்தது பாலினம், ஈர்ப்பும் உறவும் உணர்வும் சேர்ந்தது பாலியல். செய்திகளில் அச்சொல் ‘தொல்லை’, ‘வன்கொடுமை’ ஆகியவற்றோடு சேர்ந்தே வருவதால், தனியாகக் கேட்டாலும் குற்ற வாடை அடிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டுப் பணி வரையறையோ உடல், உணர்வு, மனம், சமூகம் என நான்கிலும் நன்னிலையில் இருப்பதைப் பாலியல் நலம் என்கிறது; நோயின்மை மட்டும் போதாது என்றும் சொல்கிறது. இங்கே ‘நலம்’ என்பதே தகும், ‘சுகாதாரம்’ தூய்மையின் பக்கம் சாய்ந்துவிட்ட சொல். (பப்ளிக் ஹெல்த்தைப் ‘பொதுநலம்’ ஆக்க முடியாது, அது பொதுநல வழக்கின் இடத்தைப் பிடித்திருக்கிறது. எனவே அங்கு மட்டும் சுகாதாரம்.)

ஆய்வு வினாவில் ‘தொடர்பு’ என்று எழுதினால் கள்ளத்தொடர்பு என்று புரிந்துகொள்ளக்கூடும். ‘உறவு’ என்றால் உறவினர். கேட்பது உடலுறவைப் பற்றி என்றால் உடலுறவு என்றே எழுத வேண்டும். விருப்பத்தோடு நடந்ததையும் கட்டாயத்தால் நடந்ததையும் ஒரே வினாவில் கேட்கக் கூடாது. கட்டாயத்துக்கு ஆளானவர் ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். பதிலைக் கேட்பவர் முன் வாயால் சொல்வதைவிட, காதொலிப்பானில் வினாவைக் கேட்டுத் திரையில் தானே தொட்டுப் பதிவதில் ஒளிப்பு குறையும்.

மனநலப் பகுதியிலும் சொல்தான் இடறும். 10–19 வயதினரில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உண்டு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ‘டிப்ரெஷன்’ என்பதற்கு ‘மனச்சோர்வு’ கலைச்சொல்லாகச் சரி. ஆனால் 11 வயதுக் குழந்தை ‘சோர்வு’ என்றால் விளையாடிக் களைத்ததையே நினைக்கும். வினாவில் “மனசு பாரமாக இருந்ததா”, “எதிலும் ஆசையே இல்லாமல் இருந்ததா” என்று உணர்வை விரித்துக் கேட்க வேண்டும். அப்படி மாற்றிய தமிழை, ஆங்கில மூலத்தைப் பாராத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து ஒத்துப்பார்ப்பது வழக்கம். அது மட்டும் போதாது. அதே வயதினர் சிலரிடம் “இந்தக் கேள்வி உனக்கு எப்படிப் புரிந்தது?” என்று கேட்காவிட்டால், ஏட்டில் ஒத்துப்போன வினாவும் களத்தில் தவறும்.

மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பி.எச்.க்யூ-9 வினாத்தொகுப்பு கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பெரியவர்களிடம் 10-ஐ வரம்பாகக் கொள்கிறார்கள். வளரிளம் பருவத்தினருக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது மேலும் பரிசோதிக்க வேண்டியவர்களைச் சலித்தெடுக்கும் கருவி, நோயறிதல் அல்ல. ஆகவே முடிவை ‘மனச்சோர்வு உள்ளவர்கள்’ என்று எழுதாமல் ‘வரம்பை எட்டியவர்கள்’ என்று எழுத வேண்டும். ஒன்பதாவது கேள்வி இறந்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றே, அந்த இடத்திலேயே பயிற்சி பெற்ற ஒருவர் பேச வேண்டும். தாள்களைக் கட்டிவைத்து மாதக் கடைசியில் கணினியில் ஏற்றும் ஏற்பாட்டில் அந்தக் கேள்வியைச் சேர்க்கக் கூடாது. இதனால் “யாரிடமும் சொல்லமாட்டோம்” என்று ஒப்புதல் தாளில் எழுதவும் முடியாது. உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, சட்டம் கட்டாயப்படுத்தினாலோ யாரிடம் தெரிவிப்போம் என்பதைப் பெற்றோரின் ஒப்புதல் தாளிலும் பிள்ளையின் இசைவுத் தாளிலும், முதல் கேள்விக்கு முன்பே, எளிய தமிழில் எழுதிவிட வேண்டும்.