கவுனைப் பார்த்துவிட்டுச் சேலை எடுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் தையல் கடையில் கல்யாணப் பிளவுஸ்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். பட்டமளிப்புக்குத் தைக்கக் கொடுப்பவர்கள் வர ஆரம்பிப்பார்கள். இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் முடிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஜூலையில்தான் விழா. துணியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கவுன் போட்டோ இருக்கா?" என்றுதான். பலரும் விழிப்பார்கள். சேலை எடுத்தாயிற்று, நகைக்குச் சொல்லியாயிற்று, மருதாணிக்கு நேரம் வாங்கியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்காரப்போகும் அந்தக் கறுப்பு அங்கியை மட்டும் மறந்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இதற்கு நேரெதிர். "மேலே கறுப்பு கவுன்தானே போடப்போறா, உள்ளுக்கு என்னத்தை உடுத்தால் என்ன அக்கா?" என்றார். அதுவும் சரியில்லை. இங்கே இளநிலைக் கவுன் முன்பக்கம் திறந்தே தொங்கும். கழுத்திலிருந்து பாதம்வரை ஒரு சாண் அகலத்துக்கு உடை நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் படத்தில் இருப்பது அந்த ஒரு சாண்தான். (அமெரிக்காவில் படிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே கவுனை ஜிப் போட்டு மூடிவிடுவார்கள். கீழே எட்டிப் பார்ப்பது சேலைக் கரை மட்டும்தான்.)

தெரியாமல் போவதையும் சொல்கிறேன். முந்தானை முழுக்க முதுகுப் பக்கம் கவுனுக்குள் போய்விடும். பின்கழுத்து ஆரி வேலை, கயிறு, குஞ்சம் எதையும் யாரும் பார்க்கப்போவதில்லை. குஞ்சம் உள்ளே புடைத்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். கல் வைத்த வேலைப்பாடு வாடகைக் கவுனின் உள்பக்கத்தில் மாட்டி இழுக்கும். ஆரி வேலைக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு நல்ல சேலையே எடுத்துவிடலாம். தையல்காரி நானே இதைச் சொல்வது எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. பாட்டியின் சேலை, முந்தானை தெரிந்தே ஆகவேண்டும் என்றால் குஜராத்திக் கட்டு கட்டுங்கள். வலது தோள் வழியாக முன்னால் வந்து விழும் முந்தானை கவுனின் திறப்பில் அழகாக நிற்கும்.

இனி ஹூட். பட்டத்துக்கேற்ற நிறத்தில் உள்துணி வைத்து, கழுத்தைச் சுற்றி முதுகில் தொங்கவிடும் பட்டைதான் அது. முன்பக்கம் ‘வி’ போல இறங்கும் இடத்தில் ஒரு சின்னக் கயிற்று வளையம் இருக்கும். சட்டைப் பட்டனில் மாட்டுவதற்காக வைத்தது. சட்டை போடுகிறவர்களை நினைத்துத் தைத்த சாமான். நம் பிளவுஸில் பட்டன் ஏது? மாட்டாமல் விட்டால், பின்பாரம் இழுத்து இழுத்து அது தொண்டைக்கு ஏறிவிடும். மேடையேறும்வரை ஒரு கையால் இழுத்துவிட்டபடியே நிற்க வேண்டியதுதான். மண்டபத்தில் உடுத்திவிடுபவர்கள் அவசரத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்திவிடுவார்கள். காட்டன் தாங்கும், பழைய பட்டு தாங்காது. அம்மாவின் கல்யாணப் பிளவுஸைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போன ஒரு பெண், முன்கழுத்தில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசலோடு அதை என்னிடம் கொண்டுவந்தாள். ஒட்டுப் போடத்தான் முடிந்தது.

இதற்கு வழி ரொம்பச் சின்னது. முன்கழுத்து விளிம்புக்குக் கீழே, நடு மையத்தில், அதே துணி சுற்றிய தட்டைப் பட்டன் ஒன்றை லைனிங்கோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். முன்கொக்கி பிளவுஸ் என்றால் கொக்கிப் பட்டியிலேயே வைக்கலாம். சேலை மேலே வந்து அதை மூடிவிடும்; ஹூட் வளையத்தை மாட்டும்போது மட்டும் வெளியே எடுத்தால் போதும். சல்வார் கழுத்துக்கும் இதே வேலைதான். முன்கழுத்து ஐந்து அங்குலத்துக்கு மேல் இறங்கவும் வேண்டாம். இறங்கினால் மாட்ட இடமே இருக்காது, ‘வி’ வெறும் தோலில் போய் உட்காரும். ஹூட் இடதுபக்கம் சாய்கிறது என்றால் முந்தானை மடிப்பு தடித்திருக்கிறது என்று அர்த்தம். நாலு அங்குல மடிப்பாகத் தட்டையாக வைத்து, தோளில் இஸ்திரி போட்டு, பிளவுஸோடு பின் செய்யுங்கள்.

துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கவுன், ஹூட், துப்பட்டா மூன்றும் ஒரே கழுத்தில் தங்காது. லெஹங்காவை விரித்துக் காட்ட உள்ளே வைக்கும் விறைப்பான வலைத்துணி, கேன்கேன், கவுனைப் பக்கவாட்டில் தள்ளி விரித்துவிடும். நேர்வெட்டுக் குர்தாவும் ஒடுங்கிய பேண்ட்டும் பிரமாதமாக இருக்கும்.

வெயிலைப் பற்றிச் சொன்னால், லண்டனில் என்ன வெயில் என்று ஊரிலிருந்து வரும் பெற்றோர் சிரிப்பார்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்தது; இந்த நாட்டில் அதுவரை பதிவாகாத வெப்பம். பட்டமளிப்பு நடக்கும் மாதம் அது. பழைய மண்டபங்கள் பலவற்றில் ஏசி கிடையாது. பாலியெஸ்டர் கவுனுக்குள் முக்கால் கிலோ காஞ்சிப் பட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். அடுத்த நாளே மழையும் பெய்யும். பட்டில் தண்ணீர்த் துளி பட்டால் சில சமயம் தழும்புபோலத் தங்கிவிடும். லினன் குளிர்ச்சிதான், ஆனால் உட்கார்ந்து எழுந்தால் மடியெல்லாம் கசங்கிப்போகும். என்னைக் கேட்டால் கோவை கோரா காட்டன், சந்தேரி மாதிரி பட்டும் நூலும் கலந்த ரகங்கள் நல்லது. கனமில்லை, மடிப்பும் கலையாது. ஜார்ஜெட் சேலை வழுக்கிக்கொண்டு அழகாக விழும்தான்; வியர்த்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே பாப்ளின் பாவாடை போதும். இப்போது எல்லோரும் போடும் இறுக்கமான ஷேப்வேர் சூடும் அதிகம், மேடைப் படியில் காலைத் தூக்கவும் விடாது. பிளவுஸுக்குக் காட்டன் லைனிங் கேளுங்கள், அக்குளில் ஸ்வெட் பேட் வைக்கச் சொல்லுங்கள்.

நிறத்துக்கு ஹூட்டைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பட்டத்துக்கு என்ன நிறம் என்பதைப் பல்கலைக்கழகத்திடமோ, கவுன் வாடகைக்கு விடுபவர்களிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கருநீலமும் அடர்பச்சையும் கறுப்புக்குள் காணாமல் போய்விடும். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, எம்.எஸ். நீலம் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய நீலம்) எல்லாம் எடுப்பாக நிற்கும்.

தம்பிகளுக்குப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. வேட்டி சட்டைக்கு ஹூட் கச்சிதமாக மாட்டும், பட்டன்தான் இருக்கிறதே. அங்கவஸ்திரம் வேண்டாம். ஒட்டிக்கோ வேட்டியை மட்டும் நம்பாமல் பாக்கெட் வைத்த பெல்ட்டும் கட்டிக்கொள்ளுங்கள்; செல்போன் வைக்கக் கவுனில் பை கிடையாது.

தலையில் தட்டைத் தொப்பி உட்கார வேண்டும் என்பதால் உச்சிக்கொண்டை சரிப்படாது. பின்னலோ, பிடரிக்கு மேலே சின்னக் கொண்டையோ போதும். ஒரு முழம் மல்லிகையும் தாராளமாக வைக்கலாம், தொப்பிக்குக் கீழே நிற்கும். செருப்பு விழாவுக்கென்று புதிதாக வாங்குவதாக இருந்தால் என்னிடம் வருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பென்சில் ஹீல் புல்தரையில் புதைந்துவிடும், படம் எடுப்பதெல்லாம் புல்தரையில்தான். அகலக் குதி எடுத்து, அதைப் போட்டுக்கொண்டே கடைக்கு வந்தால் உயரம் பார்த்து ஃபால்ஸ் வைத்துத் தருவேன். பரீட்சை முடிந்து எடை கூடுவதும் குறைவதும் சகஜம் என்பதால் பிளவுஸின் உள்ளே இருபக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டே தைக்கிறேன். வந்து போட்டுப் பார்க்க விழாவுக்கு முன்னால் ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.