ஃபேன் ஓடுது, டிஸ்ப்ளே வரல

மே மாதத்து ராத்திரி, மணி பத்து இருக்கும். தொரப்பாடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஃபேன் ஓடுது, லைட்டெல்லாம் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல." ஒரு வருஷம் பணம் சேர்த்து, பாகம் பாகமாக வாங்கி, தானே உட்கார்ந்து அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். வெயில் தாங்காமல் ஏதோ எரிந்துவிட்டது என்றே அவன் முடிவு கட்டியிருந்தான். நான் இருப்பது காட்பாடியில். வண்டியை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டிக் கிளம்பினேன்.

ஃபேன் ஓடுவதை வைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும்: எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி, 12 வோல்ட் கொடுக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் நிலைக்கு வந்த பிறகு, 'கரன்ட் சரியாக இருக்கிறது' என்று எஸ்எம்பிஎஸ் தனி ஒயரில் ஒரு சைகை அனுப்பும். அரை விநாடிக்குள் நடந்துவிடுகிற காரியம் இது. அந்தச் சைகை வரும்வரை பிராசஸர் அசையாது. ஃபேனுக்கு இதெல்லாம் தேவையில்லை, 12 வோல்ட் கிடைத்தால் ஓடத் தொடங்கிவிடும்.

பிராசஸருக்கான மின்சாரம் வருவதும் வேறு வழியில். மதர்போர்டின் மேல் மூலையில், அதற்கென்றே எட்டு முனை சாக்கெட் ஒன்று இருக்கும். பெரிய 24 முனை கனெக்டரை மட்டும் செருகிவிட்டு இதை மறந்தால், ஃபேன் ஓடும், விளக்கு எரியும், பிராசஸர் செத்ததுபோல் கிடக்கும். புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான் என்பேன். இவன் மறக்கவில்லை. முதலில் அங்கேதான் கை வைத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது.

அப்புறம் மதர்போர்டின் ஓரத்தைப் பார்த்தேன். இப்போது வரும் பல போர்டுகளில் நான்கு குட்டி எல்இடி இருக்கும்: சிபியு (பிராசஸர்), டிராம் (ராம் எனும் தற்காலிக நினைவகம்), விஜிஏ (திரைப் படம்), பூட் (விண்டோஸ் ஏறும் கட்டம்). வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்தபடி இருக்கும். இவன் போர்டில் டிராம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதாவது, திரையில் படம் காட்டும் கட்டத்துக்கே கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. அதற்குள் மூன்று மணி நேரமாக மானிட்டர் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருக்கிறான், பாவம்.

நமக்கு ராம் என்றால் செருகியதும் வேலை செய்கிற பொருள். பிராசஸரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அவன் வாங்கியது டிடிஆர்5 வகை. தொடக்கத்தில் அது 4800 வேகத்தில் ஓடும். ஒவ்வொரு கம்பியிலும் விநாடிக்கு 480 கோடி முறை தகவல் பாய்கிறது என்று அர்த்தம். கணக்குப் போட்டால், ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியை 480 கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் மதர்போர்டின் தாமிரத் தடத்தில் மின் சைகை போகும் தூரம் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். ஒரு தடம் இன்னொன்றைவிட ஐந்து மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலே, சேர்ந்து கிளம்பிய பிட்டுகள் முன்னே பின்னே வந்து சேரும். பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே உள்ள தடங்களைக் கூர்ந்து பாருங்கள், சிக்குக் கோலம் மாதிரி வளைந்து வளைந்து போகும். குட்டையான தடத்தை அப்படி வளைத்து நீளமாக்கி, எல்லாத் தடங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்குக் கம்ப்யூட்டருக்குள் மிகவும் பிடித்த இடம் அது.

அப்படியும் மிச்சம் இருக்கும் வித்தியாசத்தை கம்ப்யூட்டரே அளந்து சரிசெய்துகொள்கிறது. தெரிந்த ஒரு வடிவத்தை ராமில் எழுதி, திரும்பப் படித்து, தப்பாக வந்தால் அந்தக் கம்பியின் தாமதத்தைத் துளி மாற்றி, மறுபடி எழுதிப் படித்து, 64 தகவல் கம்பிகளுக்கும் இப்படியே செய்யும். இதை மெமரி டிரெய்னிங் என்கிறார்கள். ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களில் இதற்கென்று உள்ளேயே ஒரு குட்டி பிராசஸர் உண்டு. அது ராமைத் தயார் செய்து கொடுத்த பிறகுதான் பெரிய பிராசஸர் கண் விழிக்கும். முதல் முறை இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் படம் வரையும் வேலையைத் தொடங்குவதற்கான ராமே இன்னும் தயாராகவில்லை.

"எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்த மாப்ள?"

"அரை நிமிஷம் மாமா. வரலன்னதும் ஆஃப் பண்ணிட்டேன்."

ஒவ்வொரு முறை அணைத்தபோதும் பாதியில் நின்ற அளவெடுப்பு, அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. அதோடு இரண்டு ராமையும் பிராசஸருக்குப் பக்கத்திலுள்ள முதல் இரண்டு ஸ்லாட்டில் செருகியிருந்தான். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். ஒரு சேனலின் (பிராசஸரிலிருந்து ராமுக்குப் போகும் தனிப் பாதை) இரண்டு ஸ்லாட்டும் பெரும்பாலும் ஒரே தடத்தில் வரிசையாக இருக்கும். முன் ஸ்லாட்டில் மட்டும் ராம் இருந்தால், அதற்கப்பால் தடத்தின் வால் சும்மா தொங்கும். கயிற்றை உதறினால் அலை நுனிவரை போய்த் திரும்பி வருகிற மாதிரி, சைகை அந்த வாலில் மோதித் திரும்பி, அடுத்து வருவதைக் குழப்பும். கடைசி ஸ்லாட்டில் போட்டால் வால் இல்லை. இவன் செய்ததுபோல ஒரே சேனலில் இரண்டையும் அடுக்கினால் அந்தத் தடத்துக்குச் சுமை கூடுதல், இன்னொரு சேனல் காலி.

ராமை மாற்றிச் செருகினேன், இரு பக்கமும் 'டக்' என்று பூட்டு விழும்வரை. பழைய ராமின் தங்க முனையை ரப்பரால் தேய்த்துப் போடுகிற வழக்கம் நம் சர்வீஸ் கடைகளில் உண்டு. புது ராமுக்கு அது வேண்டாம், அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது.

டிராம் விளக்கு அணைந்து விஜிஏ விளக்கு எரிந்திருந்தால் வேறு இடங்களில் தேடியிருப்பேன். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடியும் பிராசஸரில் உள்கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் எதுவும் வராது. சிபியு விளக்கிலேயே நின்றால், போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ், பிராசஸரைவிடப் பழையதா என்று பார்க்க வேண்டும். எதுவும் பிடிபடவில்லை என்றால் போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றி அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து ஓட்டலாம். அங்கே ஓடினால், கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் திருகப்பட்ட ஒரு பித்தளைக் கால் போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்கெல்லாம் அன்று அவசியம் வரவில்லை. பட்டனை அழுத்திவிட்டு, தொடக்கூடாது என்று சொல்லி உட்காரவைத்தேன். அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று நிமிடம் போல ஆகியிருக்கும். டிராம் விளக்கு அணைந்தது, மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தன, திரையில் பயாஸ் பக்கம் வந்தது. 32 ஜிபி, 4800.

"பெட்டியில 6000ன்னு போட்டிருக்கே மாமா?" பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ராமை ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்து சேமிக்கச் சொன்னேன். திரை மறுபடி இருண்டது. அவன் கை பட்டன் பக்கம் போய், தானாகவே திரும்பி வந்தது. டிராமின் மஞ்சள் விளக்கைப் பார்த்தபடி மோர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டான்.