பீரோவுக்குள் இருக்கும் கதைப் புத்தகம்: சட்டம் என்ன சொல்கிறது?

பல பள்ளிகளில் நூலகம் என்றால் தலைமை ஆசிரியர் அறையில் நிற்கும் ஓர் இரும்பு பீரோதான். சாவி ஒருவரிடம், இருப்புப் பதிவேடு இன்னொருவரிடம். புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்திலேயே பீரோ பூட்டிக் கிடக்கும். வாசிக்கத் தயங்கும் பிள்ளையின் கைக்கு எட்டுவது பாடப்புத்தகம் மட்டும். அதைப் பார்த்துத்தான் அவன் முதலில் மிரண்டதே.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல்கள் என்று அடுக்கிவிட்டு, கதைப் புத்தகங்களையும் தனியாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி விலக்கு உண்டு.

காசு இல்லை என்று அரசுப் பள்ளிகள் சொல்வதும் அவ்வளவு எடுபடாது. பள்ளிக் கல்விக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் நெறிமுறையில் நூலக மானியம் என்றே ஓர் இனம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.5,000 வரை, 12ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு ரூ.20,000 வரை.

சரி, புத்தகம் வந்துவிட்டது. வகுப்பில் ஒரு சிறுமி வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டுகிறாள். மூன்றாவது சொல்லில் தடுக்குகிறது. பின்பெஞ்சில் சிரிப்பு. "இதுகூட வரலையா?" என்கிறார் ஆசிரியர். இங்கேயும் சட்டம் பேசுகிறது. பிரிவு 17 அடியை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரிவு 24 ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்றுத் தருவதை ஆசிரியரின் கடமை ஆக்குகிறது. என்னைக் கேட்டால், வாசிப்பைப் பொறுத்தவரை நூலக விதியைவிட இந்த இரண்டு பிரிவுகளுக்குத்தான் வலு அதிகம்.

தமிழ்நாட்டில் இதற்குக் கைகொடுப்பது பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம். அதன் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'நுழை'தான் சரிப்படும் என்றால் அதையே கொடுக்கலாம். அட்டையில் வகுப்பு எண்ணைப் போடாமல் படியின் பெயரைப் போடுவதில் ஒரு வசதி: கூச்சம் பாதி குறையும்.

பீரோ திறக்கவே மாட்டேன் என்கிறதா? முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். நூலகத்தைத் திறக்கும் கோரிக்கையைக் கூட்டத்தின் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் பிரிவு 32இன்படி உள்ளூர் அதிகார அமைப்பிடம் (மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்றவை, அல்லது பள்ளியின் நிர்வாகப் பொறுப்பில் உள்ள அமைப்பு) எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. புகாரின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.