தடமில்லாமல் கடிக்கும் கட்டுவிரியன்

குறுவை அறுவடைக் காலத்தில், விடியற்காலையில் வயிற்றுவலி என்று யார் வந்தாலும் வயிற்றைத் தொடுவதற்கு முன் கண்ணிமைகளைப் பார்ப்பது, மன்னார்குடிப் பக்கம் மருத்துவம் பார்க்கும் எனக்கு வழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் வந்த பெண்ணுக்கும் வயிற்றுவலிதான். பகலெல்லாம் களத்தில் உழைத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர், இரவு 2 மணிக்கு வலியில் எழுந்திருக்கிறார். சோறு சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று வீட்டார் காத்திருந்திருக்கிறார்கள். "மேல பாரும்மா" என்றேன். நெற்றி சுருங்கியது, இமைகள் ஏறவில்லை. "ராத்திரி பூரா தூங்கல, அதான் கண்ணு சொக்குது" என்றார் மாமியார். பாம்பு கடித்திருக்கலாம் என்றதும், கணவர் அவருடைய கை கால்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு பட்ட தடமே இல்லீங்களே" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் இனியும் பொறுக்க முடியவில்லை. கட்டுவிரியனின் நச்சுப்பற்கள் மிகச் சிறியவை. அவை பதிந்த இடம் கொசு கடித்ததுபோல் இருக்கலாம், கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். அந்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது. தூங்குகிறவர் விழிக்காமலே கடி வாங்கியிருப்பார். கண்ணாடி விரியன் கடித்துக் கால் வீங்கியவர்களைப் பார்த்துப் பழகிய நம் ஊர், எல்லாக் கடியிலும் வீக்கத்தையே தேடுகிறது. தடம் இல்லாததும் வலி இல்லாததும் வீக்கம் இல்லாததும் நஞ்சு இல்லை என்பதற்குச் சான்றாகா. கட்டுவிரியன் கடியின் இயல்பே அதுதான். இதற்கு வழங்கும் எட்டடி விரியன் என்ற பெயரும் கெடுதலே செய்கிறது. எட்டடிக்குள் விழவில்லையே என்று ஆறுதல் கொள்கிறார்கள், ஆனால் நரம்பைத் தாக்கும் இந்த நஞ்சு மணிக்கணக்கில் மெதுவாக ஏறுகிறது.

மருத்துவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள், இந்தப் பாம்பின் கடியில் இரத்தம் உறையவே செய்யும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் கிராமங்களில், வீட்டிலேயே இறந்தவர்கள். நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். நரம்பு முனைகள் சிதைந்த பிறகு கொடுத்தால், அவை தாமாக ஆறும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தரையில் படுக்காதீர்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். நெல் மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பின்னே பாம்பு வரும். மூட்டைகளுக்குப் பக்கத்தில் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். இரவில் திடீரென வயிற்றுவலியோ வாந்தியோ வந்து, இமை தொங்கினால், பேச்சு குழறினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், விடியட்டும் என்று இருக்காமல் அந்த நொடியே 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டுவதும் கத்தியால் கீறுவதும் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பெண் நான்கு நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தார். இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை. உயிர் போய்விட்டதென்றே உறவினர்கள் தலைமாட்டில் நின்று அழுதார்கள். இந்த நஞ்சு தசைகளைக் கட்டிப்போடுமே தவிர, நினைவைப் பறிக்காது. அவர் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. குழாயை எடுத்த பிறகு, யார் யார் என்னென்ன சொல்லி அழுதார்கள் என்று அவரே தன் மாமியாரிடம் சொன்னார்.