இசிஎம் கெட்டுவிட்டதா? கெடுத்தது எது என்று முதலில் பாருங்கள்

பிக்கப் வண்டியின் இன்ஜினை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இசிஎம் போய்விட்டது, புதியதை வாங்கி மாட்டினால் போதும் என்ற தீர்ப்போடு பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் அந்தப் பெட்டி நன்றாகவே இருக்கிறது. உண்மையிலேயே அது கெட்டிருக்கும் வண்டிகளில், கெடுத்த காரணம் பெரும்பாலும் வெளியில், வயரிங்கிலோ ஏதாவது ஓர் உதிரிப் பாகத்திலோ அப்படியே காத்திருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்காமல் விலை உயர்ந்த ஒரு பாகத்தை மாற்றுவது வண்டி உரிமையாளருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் யு0100 என்ற குறியீடு வந்தால், இசிஎம்முடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். இசிஎம் இறந்துவிட்டது என்பதல்ல. ஃபியூஸ் எரிந்திருந்தாலும், இசிஎம்முக்கு மின்சாரத்தை இணைக்கும் மெயின் ரிலே ஒட்டாமல் இருந்தாலும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பின் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். பி0601, பி0606 போன்றவை பெட்டியின் உள் நினைவகத்தையும் செயலியையும் நேரடியாகச் சுட்டுபவை என்றாலும், பேட்டரி மின்னழுத்தம் சரியாக இருக்கும் நிலையில் அழித்த பிறகும் அவை திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பார்த்துத்தான் அவற்றை நம்ப வேண்டும்.

எர்த் இணைப்பை ஓம் மீட்டரில் மட்டும் சோதிப்பது போதாது. பல இழைகள் அறுந்து ஒரே ஓர் இழை மிஞ்சியிருக்கும் வயர்கூட ஓம் மீட்டரில் நல்ல வயராகவே காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் குறை தெரியும். ஆகவே இன்ஜினைச் சுழற்றும்போதும், முடிந்தால் ஓடும்போதும், இசிஎம்மின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளக்க வேண்டும். அது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். சோதனைக்காகக் கனெக்டரின் பெண் முனைகளுக்குள் தடித்த ஊசியைக் குத்தி அவற்றை விரித்துவிட்டால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

பலரை ஏமாற்றுவது 5 வோல்ட் சென்சார் மின்வழிதான். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வழியைப் பகிர்ந்துகொள்வதால், அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலே மற்ற எல்லாவற்றின் அளவீடுகளும் சரிந்து, ஸ்கேனரில் குறியீடுகள் வரிசைகட்டி நிற்கும். பார்ப்பவருக்கு இசிஎம் முழுவதுமாகப் போய்விட்டதைப் போலவே தோன்றும். மீட்டரை அந்த வழியில் வைத்துக்கொண்டு சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அதுதான் குற்றவாளி. வண்டியின் மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசும் ‘கேன்’ என்ற தகவல்தொடர்பு வழியைச் சோதிக்க, பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய முனைகளுக்கு இடையே மின்தடையை அளக்கலாம். அங்கே கேன் வழி நேரடியாக வரும் வண்டிகளில் ஏறத்தாழ 60 ஓம் இருக்க வேண்டும்; 120 ஓம் வந்தால் வழியின் இரு கோடிகளிலும் இருக்கும் தடைகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது.

பிக்கப் வண்டிக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. சரக்கு ஏற்றும் பின்பகுதியில் சட்டம் பொருத்தவும் இழுவைக் கொக்கி வைக்கவும் இந்த வண்டிகளில் அடிக்கடி வெல்டிங் நடக்கிறது. பேட்டரியின் இணைப்பைக் கழற்றாமல், வெல்டிங்கின் எர்த் கவ்வியைப் பற்றவைக்கும் இடத்திலிருந்து தொலைவில் மாட்டினால், அந்த மின்னோட்டம் இசிஎம்மின் எர்த் வழியாகவும் பாயக்கூடும். 24 வோல்ட் லாரியிலிருந்து ஜம்ப் கொடுப்பது, கேபிள்களை முனை மாற்றி இணைப்பது, தேங்கிய வெள்ளத்தில் ஓட்டுவது ஆகியவையும் இந்தப் பெட்டியைக் கொன்றிருக்கின்றன. வயருக்குள் புகுந்த நீர் செம்பு இழைகளின் வழியே ஊர்ந்து, வெகு தொலைவில் இருக்கும் கனெக்டரைப் பச்சைபூக்கச் செய்துவிடும்.

வேறோர் இடத்தில் புதிய இசிஎம் போட்டும் சில நாட்களில் மீண்டும் நின்றுபோன ஒரு பெட்ரோல் பிக்கப்பைப் பார்த்திருக்கிறேன். அதில் ஓர் இக்னிஷன் காயிலின் உட்சுற்று ஷார்ட் ஆகி, அதை இயக்கும் இசிஎம்மின் டிரைவர் டிரான்சிஸ்டரை எரித்திருந்தது. காயிலை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றியதால் புதியதும் அதே வழியில் போனது. எனவே இசிஎம் நேரடியாக இயக்கும் காயில்கள், இன்ஜெக்டர்கள், ரிலேக்கள், சொலினாய்டுகள் அனைத்தின் மின்தடையையும் தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிட்ட பின்னரே புதிய பெட்டியை இணைக்க வேண்டும். டீசல் இன்ஜெக்டர் வயர்களை இன்ஜின் ஓடும்போது தொடாதீர்கள். அவற்றில் பேட்டரியைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் பாயக்கூடும்.

மாற்றுவது என்று உறுதியான பிறகு, பழைய பெட்டி ஸ்கேனருடன் இன்னும் பேசுகிறது என்றால் அதிலிருக்கும் வண்டியின் அடையாள எண், மென்பொருள் எண், எரிபொருளைத் தெளிக்கும் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் உரிய திருத்தக் குறியீடுகள் ஆகியவற்றை முதலில் படித்துச் சேமித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியிலிருந்து எடுத்த பெட்டியை வாங்குவோர், வெளித்தோற்றமும் கனெக்டரும் பொருந்துவதை மட்டும் பார்க்கக் கூடாது. பாக எண் ஒன்றாக இருந்தாலும் சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் பொருந்தாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து, உடலின் நிலைமின்சாரம் வெளியேற வண்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு பெட்டியைக் கையாளுங்கள். அதன் முனைகளை விரலால் தொட வேண்டாம்.

புதிய பெட்டியில் மென்பொருளை எழுதிப் புரோகிராம் செய்யும்போது சீரான மின்னழுத்தம் தரும் பவர் சப்ளை கட்டாயம் வேண்டும். சாதாரண சார்ஜரின் ஏற்ற இறக்கமோ, பாதியில் தளரும் பேட்டரியோ மென்பொருளை எழுதும் பணியை இடையில் அறுத்துவிட்டால் புதிய பெட்டியே பயனற்றதாகலாம். பிறகு த்ராட்டில் நிலை, கிராங்க் சென்சார் போன்றவற்றுக்கு அந்த வண்டி கேட்கும், புதிய பெட்டிக்கு அவற்றைப் பழக்கும் கற்றல் நடைமுறைகளை முடித்து, வண்டியின் எல்லா மின்னணுப் பெட்டிகளையும் ஸ்கேன் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை பழைய பெட்டியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். புரோகிராமில் ஏதேனும் விடுபட்டிருந்தால், மீண்டும் தேட வேண்டிய தகவல் அதனுள்தான் இருக்கிறது.